குமட்ட வைத்தது யார்

ஆங்கிலத்தில் ஒருவரை நோயில் தள்ளுவதற்கென்றே வினைச்சொற்கள் இருக்கின்றன. சிக்கன், நாஸியேட், இன்ஃபெக்ட், பாய்சன். அருவருக்க வைப்பதற்கும் இருக்கின்றன. டிஸ்கஸ்ட், ரிவோல்ட், ரிப்பெல். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில கைடுகளுக்குப் பாடம் எழுதிப் பிழைக்கிறவள் நான். கவிதை எழுதுவது எனக்காக. கைடு எழுதுவது அரிசிக்காக. அந்த வருடம் முதலாளி என்னிடம் கொடுத்த அத்தியாயம் இந்த வினைச்சொற்கள்தான். "ஒவ்வொண்ணுக்கும் அழகா ரெண்டு வாக்கியம் போட்டுருங்க டீச்சர்" என்றார். அழகாக!

எழுத உட்கார்ந்தபோது ஒன்று பிடிபட்டது. இந்தச் சொற்களை எழுதத் தொடங்கினால் யார் செய்தார், எது செய்தது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. நாமோ குமட்டுது என்கிறோம். மழை பெய்யுது, வெயில் அடிக்குது, குமட்டுது. எங்கிருந்தோ வந்த காற்று யாரையோ தொட்டுவிட்டுப் போனது போல. தமிழில் சொல்ல முடியாது என்றில்லை. இந்தப் பக்கத்தில் நாங்கள் சொல்லிப் பழகவில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

என் தங்கச்சியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

நாரணாபுரத்து ஓரத்தில் எங்கள் இரண்டு பேர் வீடும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒரே சுவர், பின்பக்கம் ஒரே துவைகல். அவள் புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ப் பல வருடம் ஆகிறது. ஒரே மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அவள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் இருந்தாள். வெடிமருந்தை இங்கே வெறும் மருந்து என்றுதான் சொல்வோம். அதைக் காகிதக் குழாயில் செலுத்துவது அவள் வேலை. சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வரும்போது முழங்கைவரை வெள்ளி பூசியது போல மின்னும். அலுமினியப் பவுடர். கோயில் சிலைக்குச் சார்த்திய வெள்ளிக் கவசம் என்று ஒரு காலத்தில் நானே எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

கவசமும் இல்லை, வெள்ளியும் இல்லை. நாலு தடவை சோப்புப் போட்டும் போகாத அழுக்கு.

சீசன் சூடு பிடித்த நேரம். ஆர்டர் குவிந்து கிடந்தது. அவளுக்குச் சாயங்காலமானால் ஓங்கரிப்பு வர ஆரம்பித்தது. வேனிலிருந்து இறங்கி நேராகப் பின்பக்கம் போவாள். துவைகல்லைப் பிடித்துக்கொண்டு குனிவாள். நான் போய் நெற்றியைத் தாங்கிப் பிடிப்பேன். வெறும் பித்தநீர்தான் வரும், கூடவே வாழைப்பழத் துணுக்கு.

அந்தப் பழத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் கம்பெனியில் மருந்து ரூம் ஆட்களுக்குச் சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்பார்கள். போர்மேன் வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூம் வாசலில் நிற்பார். பழம் தின்றால் உள்ளே போன மருந்து இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. எந்த டாக்டர் சொன்னது? யாரும் சொன்னதில்லை. ஆனாலும் பழத்தைத் தின்னாமல் ஒருத்தியும் வேனில் ஏறமாட்டாள். அது மருந்து ரூமின் பூசைப் பிரசாதம் மாதிரி. தங்கச்சியும் தின்றாள், தின்றதை வீட்டில் வந்து கக்கினாள்.

"என்ன வாக்கியம் எழுதுற?" என்று ஒருநாள் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நான் வாசலில் தாளோடு உட்கார்ந்திருந்தேன்.

"சிக்கன்னு ஒரு வார்த்தை. ஒருத்தர நோயாளி ஆக்குறது."

"சிக்கனா? எனக்கு இப்பக் கோழின்னாலே வருது யக்கா, பேசாம இரு."

சிரித்தோம். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அதற்கு அடுத்த வாரம் அவள் கம்பெனியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மருந்து ரூமுக்குத் தள்ளி ஒரு வேப்பமரம். அதன் கீழ் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். ஒவ்வொருத்தியும் தன் வெஞ்சனத்தை மூடியில் எடுத்து வைத்துச் சுற்றுக்கு விடுவாள். கத்தரிக்காய், கருவாடு, பருப்புத் துவையல், முட்டை என்று எல்லா மூடியும் எல்லார் மடிக்கும் வந்து போகும். எங்கள் தெருவின் எதிர்வீட்டு மதினிதான் அந்த வட்டத்துக்கு நாட்டாமை. மூடி எங்கே நிற்கிறது, யார் அதிகம் அள்ளினாள் என்று அவள் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். தங்கச்சி எழுந்து ஓடி மரத்துக்குப் பின்னால் கக்கிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, மதினி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டிருக்கிறாள்.

"ஏத்தா, எத்தன மாசம்?"

ஒரு சிரிப்பு சுற்றி வந்திருக்கிறது, வெஞ்சன மூடி போல, ஒவ்வொரு மடியிலும் நின்று நின்று.

இங்கே ஒரு பெண் வாந்தி எடுத்தால் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவள் முழுகாமல் இருக்கிறாள். கல்யாணமானவள் என்றால் கன்னத்தைக் கிள்ளுவார்கள். புருஷன் இல்லாதவள் என்றால்? பட்டாசுத் திரி கூட அவ்வளவு வேகமாகப் பற்றாது. மறுநாள் வேனில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதற்கு மறுநாள் மூடி அவளிடம் வரவில்லை. அவளுக்கு இந்தப் பக்கம் இருந்தவள் கையை நீட்டி அந்தப் பக்கத்தவளிடம் கொடுத்தாள். தங்கச்சி தன் மூடியில் எடுத்து வைத்த புடலங்காய்க் கூட்டை ஒருத்தியும் தொடவில்லை.

"அப்படியே திரும்பக் கொண்டுவந்துட்டேன் யக்கா" என்று தூக்குச்சட்டியை என் முன்னால் வைத்தாள். மூடியில் கூட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. "எங் கையில என்ன குஷ்டமா?"

கேட்டதும் எனக்குள் ஏதோ வெடித்தது. ஒரு பொடி அவளை நோயாளி ஆக்கியது. அந்த நோய் அவளை மற்றவர்களுக்கு அருவருப்பு ஆக்கியது. அத்தியாயத்தின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒரே மத்தியானத்தில் ஒரே வேப்பமரத்தடியில் நடந்து முடிந்திருந்தன. பொடியைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. அதை மடியில் கட்டிக்கொண்டு, நகக்கண்ணில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அவளைப் பார்த்துத்தான் சுளித்தார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டுக்கு நின்று, வரிசைக்கு நின்று, கடைசியில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தோம். டாக்டர் இளம்பெண். தலை நிமிராமல் கேட்டார்: "கடைசியா எப்பத் தீட்டாச்சு?" தங்கச்சி என்னைப் பார்த்தாள். "என்ன வேலை செய்றீங்க" என்ற கேள்வி வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நானே, "பட்டாசுக் கம்பெனியில மருந்து ரூம்மா" என்றேன். "ம்" என்றார். வாயுக்கு மாத்திரை கொடுத்தார். டாக்டரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை, பின்னால் அவ்வளவு பெரிய வரிசை நின்றது. ஆனாலும் அந்த 'ம்' என் காதில் இன்னும் இருக்கிறது. இந்த வட்டாரமே ஒரு பெரிய 'ம்'. ஆலங்குளத்தில் சிமெண்ட் தூசி, இங்கே பவுடர், யார் இருமினாலும் 'ம்'.

எதிர்வீட்டு மதினியைக் குழாயடியில் பிடித்தேன். குடம் நிரம்பிக்கொண்டிருந்தது.

"மதினி, என்ன பேச்சு பேசித் திரியுறீக?"

"நான் என்ன பேசுனேன்? கண்ணால பாத்தத கேட்டேன்."

"அவளுக்கு மருந்து ஒத்துக்கல. அம்புட்டுத்தான்."

"ஏன், நாங்கல்லாம் மாவா திங்கோம்? அதே மருந்தத்தான் செலுத்துறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஒன் தங்கச்சிக்கு மட்டும் ஆகுதுன்னா மருந்து ஆள் பாத்தா வேல செய்யும்?" குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "நீ படிச்சவ, நாலு எழுத்து எழுதுறவ. எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான்."

அவள் முகத்தில் குரூரம் எதுவும் இல்லை, அதுதான் என்னை இன்னும் எரித்தது. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள்.

தங்கச்சி மாட்டிக்கொண்ட இடம் இதுதான். மருந்துதான் காரணம் என்று வாயைத் திறந்தால் வேலை போகும். "ஒத்துக்கலையா, வராத" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பப்பட்டவளை அடுத்த கம்பெனியும் சேர்க்காது. வாயைத் திறக்காவிட்டால் பேர் போகும். பேர் கோயம்புத்தூர் வரைக்கும் போகும், மகன் காதுக்கும் போகும். வேலையா, பேரா? இரண்டில் ஒன்றைக் குமட்டலோடு சேர்த்துக் கக்கிவிட வேண்டும்.

அந்த ஆத்திரத்தில் அத்தியாயத்தை எழுதி முடித்தேன். சிக்கன் என்ற சொல்லுக்கு முதல் வாக்கியம்: பவுடர் என் தங்கையை நோயாளி ஆக்கியது. டிஸ்கஸ்ட்டுக்கு: அவர்களுடைய பேச்சு என்னை அருவருக்க வைத்தது. ஆங்கிலத்தில் எழுதினால் நறுக்கென்று நாலைந்து சொல்தான். அச்சக முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"பிள்ளைங்க படிக்கிற புத்தகத்துல பவுடர் எதுக்கு டீச்சர்?"

"பிள்ளைங்களோட அம்மாக்கதான் அதுல வேல பாக்காக."

"அதுக்குத்தான் சொல்றேன். நம்ம அச்சகத்துக்குப் பாதி ஆர்டரு பட்டாசு லேபிள். எம் மச்சினனே கம்பெனிக்காரன். அவன் கண்ணுல பட்டா என்ன நெனப்பான்?" கோடு போட்டு மேலே எழுதினார்: அழுகிய முட்டையின் நாற்றம் அவனை நோயாளி ஆக்கியது. "பாருங்க, இது எல்லாருக்கும் பொது. முட்டைக்கு மச்சினன் கிடையாது."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். நல்ல மனிதர்தான். என் சம்பளத்தை ஒருநாள் தள்ளிக் கொடுத்ததில்லை. அழுகிய முட்டையை நான் விழுங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்தால் தங்கச்சி துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். கை இன்னும் மின்னியது. கழுவவில்லை.

"போர்மேன் கூப்பிட்டாரு" என்றாள். "தனியாக் கூப்பிட்டு, ரொம்பத் தன்மையா, 'ஏம்மா, ரெண்டு மாசம் வீட்டுல இரு. எல்லாம் முடிச்சிட்டு வா. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாக' அப்படிங்காரு."

"என்னத்த முடிக்கணுமாம்?"

"அத அவரு சொல்லல. தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. பெரிய மனுசத்தனம்." கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தப் பவுடருக்குப் பொறந்த பிள்ளைய நான் எங்க போயி யக்கா முடிக்க?"

நான் போய்ச் சண்டை போடுகிறேன் என்றேன். கம்பெனி முதலாளியிடம், போர்மேனிடம், வேனை மறித்து, என்னென்னவோ. "நீ சண்ட போட்டா ஒன் கவிதைக்கு ஆகும். எனக்கு ஆகாது" என்றாள். சுருக்கென்று குத்தியது. அவள் சரியாகத்தான் சொன்னாள். எழுந்து வாளியில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினாள். தண்ணீர் ஈய நிறத்தில் வாய்க்காலில் ஓடியது.

அடுத்த நாள் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. தங்கச்சியும் சொன்னாள், பிறகு எதிர்வீட்டு மதினியும் என்னிடம் வந்து சொன்னாள். இரண்டு பேரும் சொன்னது ஒன்றாகவே இருந்தது.

சாயங்காலம் ஸ்டோர் ரூம் வாசல். போர்மேன் தாரோடு நிற்கிறார். பெண்கள் வரிசையாக வந்து பழத்தை வாங்கி அங்கேயே உரித்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கச்சி முறை வந்தபோது கையை நீட்டவில்லை.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி."

"அட, வாங்கிக்கோம்மா. தின்னாத்தானே மருந்து எறங்கும்."

"எனக்குத்தான் மருந்து ஏறவே இல்லையே. பெறகு எது எறங்கும்?"

உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன.

"நான் முழுகாம இருக்கேன்னு நீங்கதான சொல்லுதீக. முழுகாம இருக்கவளுக்கு மாங்கா குடுக்கணும், புளியங்கா குடுக்கணும். வாழப்பழம் எதுக்குக் குடுக்கீக? சொல்லுங்க அண்ணாச்சி. மருந்து ஒண்ணும் செய்யாதுன்னா இம்புட்டு வருசமா எதுக்குய்யா எல்லாருக்கும் தார் தாரா வாங்கிப் போடுதீக? கம்பெனிக்கு என்ன, பழத்தோட்டமா இருக்கு?"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். மாங்காய் என்றதும் வந்த சிரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்பு இந்த முறை சுற்றி வரவில்லை. பாதியில் செத்துவிட்டது. ஒவ்வொருத்தியும் தன் கையில் இருந்த பழத்தைப் பார்த்திருக்கிறாள். தினமும் தின்ற பழம்தான். அது எதற்காகக் கைக்கு வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். எதைச் சொல்லிக்கொண்டு வருகிறது என்று அன்றுதான் காதில் விழுந்தது.

"ஏம்மா, சும்மா கதை பேசாத" என்று போர்மேன் தொடங்கியபோது, எதிர்வீட்டு மதினி முன்னால் வந்திருக்கிறாள். தங்கச்சியைத் திட்டப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"எனக்கும் குமட்டுது" என்றாள் மதினி.

"என்னது?"

"வீட்டுக்குப் போயி கதவச் சாத்திக்கிட்டுத்தான் கக்குவேன். யாருக்கும் சொல்லல. எனக்குத்தான் கர்ப்பப்பையவே எடுத்தாச்சே. ஊருக்கே தெரியும்." பழத்தைத் திரும்பத் தாரின் மேலேயே வைத்துவிட்டு, வட்டத்தில் நாட்டாமை செய்யும் அதே குரலில் கேட்டிருக்கிறாள். "சொல்லுங்க அண்ணாச்சி. நான் எத்தன மாசம்?"

பிறகு இன்னொருத்தி வைத்தாள். பிறகு இன்னொருத்தி. சிலர் வைக்கவில்லை. பாதி தின்றுவிட்டவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தோலோடு நின்றார்கள். ஒருத்தி மட்டும், "எனக்குப் பசிக்குது தாயி" என்று முழுசாகத் தின்றுவிட்டுத்தான் வேனில் ஏறினாள். அவள் மீதும் எனக்குக் கோபம் இல்லை. வேலை செய்த உடம்புக்குப் பசிக்கத்தானே செய்யும்.

இதை மதினி என் வாசலில் வந்து சொல்லி முடித்தாள். "நான் குழாயடியில பேசுனது தப்புத்தான்" என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தூக்குச்சட்டி மூடியில் கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்திருந்தாள். "ஒன் தங்கச்சிட்ட குடு. காரம் கொறச்சிப் போட்டிருக்கேன்" என்று சுவரில் வைத்துவிட்டுப் போனாள். தங்கச்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "திங்க மாட்டேன்" என்றாள். பிறகு தின்றாள்.

கம்பெனி என்ன செய்தது? முதலாளி பெண்களைக் கூப்பிட்டுப் பேசினாரா, மருந்து ரூமுக்கு ஒரு மின்விசிறி, ஒரு முகமூடி, மூக்கில் கட்ட ஒரு துண்டுத் துணியாவது கொடுத்தாரா? தங்கச்சியைப் பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. அவளுக்கு வேண்டியது கிடைத்தது. வேலையும் போகவில்லை, பேரும் போகவில்லை. அதில் நான் சந்தோஷப்பட வேண்டும், பட்டேன். அதே வாரத்தில் கம்பெனி இன்னொன்றும் செய்தது. பழத்தை நிறுத்திவிட்டது.

அவ்வளவுதான். கேள்விக்குக் கம்பெனி கொடுத்த பதில் அது. பொடி இருக்கும், பழம் இருக்காது. குற்றத்தை விட்டுவிட்டு ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வாசலிலிருந்து அப்புறப்படுத்திவிட்டார்கள். இனி யாரும் ஸ்டோர் ரூம் முன்னால் நின்று எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்க முடியாது. கொடுத்தால்தானே கேட்பதற்கு! இதைக் கேட்ட அன்று நான் கத்திய கத்தலுக்கு எதிர்ச் சாரி வீடுகளில் கதவுகள் திறந்தன. எழுத்துக்காரி எதற்குக் கத்துகிறாள் என்று எட்டிப் பார்த்தார்கள்.

வேனில் சில பெண்கள் தங்கச்சியைத்தான் ஏசினார்கள். "ஒன் வாய் இருக்கே, அதால இருந்த ஒரு பழமும் போச்சு." மதினிதான் அதட்டியிருக்கிறாள்: "பழத்த வாங்கி வேணா நான் தாரேன், வாய மூடுங்கடி." ஆனால் அவளும் வாங்கித் தரவில்லை. எத்தனை நாளைக்கு வாங்குவாள்?

கைடு அச்சாகி வந்தது. புது மையின் வாசனையோடு மேசையில் இருந்தது. என் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். சிக்கன் என்ற சொல்லுக்கு எதிரே அழுகிய முட்டை பத்திரமாக இருந்தது. டிஸ்கஸ்ட்டுக்கு எதிரே திறந்த சாக்கடை. காரியாபட்டிப் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் லோடு ஏறிப் போனது. அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார்கள். முட்டை நோயாளி ஆக்கியது, முட்டை நோயாளி ஆக்கியது. மனப்பாடம் ஆகிவிடும். முட்டையை யாரும் வேலையை விட்டு நிறுத்தப் போவதில்லை.

தங்கச்சி உட்கார்ந்திருந்த மருந்து ரூம் இடத்துக்கு வேறொருத்தியைப் போட்டார்கள். புருஷனை விட்டு வந்து தாய்வீட்டில் இருக்கிறவள். சின்ன வயசுதான். போன வாரம் சாயங்காலம் வேன் ஊருக்குள் திரும்பும் வளைவில் அவள் தலையை வெளியே நீட்டி ஓங்கரித்திருக்கிறாள். டிரைவர், "வண்டியில எடுத்துராதம்மா" என்று கத்தியிருக்கிறான். "ஏலே, நிறுத்துலே மொதல்ல" என்று மதினி எழுந்துபோய் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். தங்கச்சி தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

இதைச் சொன்னபோது தங்கச்சி துவைகல்லில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கையில் வெள்ளி இல்லை, காய்ந்த பசைதான். விரலோடு விரலைத் தேய்த்து உரித்தாள்.

"யாரும் மாசம் கேக்கல யக்கா" என்றாள்.

"ம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் வாயிலிருந்தும் வந்திருப்பது உறைத்தது.

"நாளைக்கு மறுபடியும் அதே ரூமுக்குத்தான் போவா" என்றாள். வாளியைக் கவிழ்த்தாள்.